மீல் மேக்கர் மேல் ஏன் இந்தப் பழி?

சோயா சாப்பிட்டால் மார்பகப் புற்று வளரும், மீல் மேக்கரைக் கையால் தொடாதீர்கள், சிறுமலை மூலிகைப் பொடியே போதும் என்கிறார் திண்டுக்கல் நண்பர். ஆதாரமே இல்லாமல் பேசினால் சிரித்துவிட்டுப் போகலாம். பாதி ஆதாரம் வைத்திருக்கிறார், அதுதான் தொல்லை.

சோயாவிலுள்ள ஜெனிஸ்டீன், ஈஸ்ட்ரோஜனின் சாயல் கொண்டது. ஆய்வகத் தட்டில் எம்.சி.எஃப்-7 என்னும் மார்பகப் புற்றுச் செல்களுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தால் அவை பெருகுகின்றன. சினைப்பை நீக்கிய எலிகளிலும் கட்டி வளர்ந்தது. சரி. அதே தட்டில் அளவைப் பல மடங்கு கூட்டினால் வளர்ச்சி தடைபடுகிறதே, அதை ஏன் விழுங்கிவிட்டார்?

எலி வேறு, நாம் வேறு. நம் குடலும் கல்லீரலும் ஜெனிஸ்டீனின் பெரும்பகுதியை வீரியமற்ற வடிவுக்கு மாற்றிவிடுகின்றன. எலி ரத்தத்தில் வீரியமுள்ளது நம்மைவிட மிக அதிகமாகத் தங்குகிறது.

ஷாங்காயில் மார்பகப் புற்றிலிருந்து மீண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். சோயா அதிகம் உண்டவர்களிடம் நோய் திரும்புவதும் மரணமும் குறைவு. அதற்காகச் சோயாவை மருந்தாக்க நான் வரவில்லை. அவர்களின் மற்ற பழக்கங்களும் காரணமாக இருக்கலாம். ஜெனிஸ்டீன் வகைப் பொருள்களைச் செறிவாகத் தரும் ஐசோஃபிளேவோன் மாத்திரை வேறு சங்கதி, சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை எடுக்கக் கூடாது. வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து குருமாவில் போடும் நாலு உருண்டை அதுவல்ல.

நண்பரே, உங்கள் மூலிகைப் பொடியை எந்தச் செல்லில், எந்த எலியில், எத்தனை பெண்களிடம் சோதித்தார்கள்?