சிட்டகொங் மலைப்பிரதேசம்: கலவரமா, காணிப் பிரச்சினையா?

பங்களாதேஷின் தென்கிழக்கே, சிட்டகொங் மலைப்பிரதேசத்திற் குருதி சிந்தும்போதெல்லாம் ‘இனக்கலவரம்’ என்ற ஒரு சொல்லால் அதனை விளக்கி முடித்துவிடுவோர் உளர். 2024 செப்டெம்பரில் கக்ராச்சாரியிலும் ரங்கமாத்தியிலும் உயிர்களைப் பலிகொண்ட வன்செயல்களையும் அச்சொல்லுக்குள் அடக்கிவிடலாம். ஆயின் அவற்றின் வேரை அது காட்டாது. அவ்வேர் காணியாகும்.

சக்மா, மார்மா, திரிபுரா முதலிய பதினொரு இனக்குழுவினர் அங்கு வாழ்கின்றனர். எமது சேனைப் பயிர்ச்செய்கையை ஒத்த ‘ஜூம்’ வேளாண்மையே அவர்களின் மரபுத்தொழில். ஓரிடத்திற் பயிரிட்டபின் மண் மீண்டும் வளம்பெற அதனைத் தரிசாக விடுவர். அக்காணியை ஆண்டது வழமையே, உறுதிப்பத்திரம் அன்று. ஆட்சியாளரோ உறுதியில்லாத காணியை உரிமையில்லாத காணியென்றும், தரிசை வெறுநிலமென்றும் கொண்டனர். அநீதி அனைத்தும் இத்திரிபிலிருந்தே தொடங்குகின்றது.

பாகிஸ்தான் ஆட்சியில், 1962இல் நிறைவெய்திய கப்டாய் அணைக்கட்டு ஏறத்தாழ 54,000 ஏக்கரை, அதாவது அங்குள்ள விளைநிலத்தில் ஐந்திலிரு பங்கை, நீருள் ஆழ்த்தியது. ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் இடம்பெயர்ந்தனர். 1972இல், புதிய பங்களாதேஷின் அரசியலமைப்பு குடிமக்கள் யாவரையும் வங்காளியர் என வகுத்தபோது மனபேந்திர நாராயண் லர்மா அச்சபையிலேயே எதிர்ப்புத் தெரிவித்தார். அக்குரல் புறக்கணிக்கப்பட்டது, பின்னர் ஆயுதப் போராட்டம் மூண்டது. 1979 முதல் சில ஆண்டுகளுள், நான்கு இலட்சம் வரையான சமவெளி மக்கள் அங்கு குடியேற்றப்பட்டனர்.

“அவர்களும் ஏழைகளன்றோ?” என வினவுவர். உண்மை, ஏழைகளே. சமவெளியின் நிலவுடைமையிற் கைவைக்கத் துணியாத அரசு, தன் நிலமற்றோரைப் பிறர் காணியில் இருத்தி, ஏழையை ஏழையோடு மோதவிட்டது. குடியேறியவனைப் பகைவனாகக் காட்டுவோரும் குடியேற்றியவரின் குற்றத்தையே மறைக்கின்றனர்.

1997 டிசெம்பர் 2ஆந் திகதிய உடன்படிக்கையின்படி போராளிகள் 1998இலேயே ஆயுதங்களைக் கையளித்தனர். காணிப்பிணக்குத் தீர்வு ஆணைக்குழுச் சட்டமோ 2001இலேயே வந்தது. உடன்படிக்கைக்கு முரணான அதன் விதிகளைத் திருத்த 2016 வரை சென்றது. ஆயுதத்தைப் பெறக் காட்டிய விரைவைக் காணியை மீளளிக்கக் காட்டாத அரசு, அமைதியைப் பற்றிப் பேசுதற்கு என்ன தகுதியுடையது?

வழமைவழி வந்த காணியுரிமை முழுமையாக ஏற்கப்படல் வேண்டும். பறிக்கப்பட்ட காணி மீளல் வேண்டும். குடியேற்றப்பட்ட ஏழைக்குச் சமவெளியிலேயே நிலம் வழங்கப்படல் வேண்டும். இம்மூன்றையும் விடுத்து ‘இன நல்லுறவு’ பற்றிக் கருத்தரங்குகள் நடத்துதல் கற்றோர்க்கு அழகன்று.