ரெண்டு பிள்ளையோட நிறுத்தினதுக்கு இதுவா பரிசு?

சொந்தங்களே, ஜனாதிபதியை நாம நேரடியா தேர்ந்தெடுப்பதில்லை. நம்ம எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் ஓட்டுப் போடுறாங்க. ஆனா எல்லா எம்.எல்.ஏ. ஓட்டுக்கும் ஒரே மதிப்பு கிடையாது, தெரியுமா?

2022 தேர்தலில் நம்ம விளவங்கோடு எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு 176. களியக்காவிளை தாண்டினா, பாறசாலை எம்.எல்.ஏ. ஓட்டுக்கு 152. உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. ஓட்டுக்கு 208.

கணக்கு ரொம்ப எளிது. மாநில மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்கள் எண்ணிக்கையால் வகுத்து, அதை 1000-ஆல் வகுக்கணும். அரசியல் சாசனம் 55-வது பிரிவு சொல்வது இதுதான்.

சரி, எந்த வருஷத்து மக்கள்தொகை?

1971!

குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதனாலேயே பலம் இழக்கக் கூடாது என்றுதான் 1976-ல் 42-வது திருத்தம் அந்தக் கணக்கை நிறுத்தி வைத்தது. 84-வது திருத்தம் அதை, 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அதாவது, இந்தப் பாதுகாப்புக்குக் காலாவதி தேதி உண்டு.

காலாவதியானா என்ன ஆகும்?

1971 கணக்குப்படி தமிழ்நாட்டின் 234 எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பு 41,184. உ.பி.க்கு 83,824. ஏறத்தாழ பாதி. 2011 மக்கள்தொகையை வைத்துப் போட்டாலே நம்ம பங்கு உ.பி.யில் 36 சதவீதம்தான்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.8, உ.பி.யில் 2.4. ஒரு அரசு மருத்துவரா சொல்றேன், இந்த 1.8 சும்மா வரல. வீடு வீடா நடந்த கிராம சுகாதார செவிலியர்களும், ரெண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன் பண்ணிக்கிட்ட நம்ம அம்மாக்களும் கொண்டு வந்தது.

"ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, அதுதானே ஜனநாயகம்? உ.பி.யில் பிறந்த பிள்ளை என்ன பாவம் செய்தது?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. மக்களவைக்கு அந்த வாதத்தில் கனம் உண்டு. ஆனா ஜனாதிபதி மாநிலங்கள் சேர்ந்த ஒன்றியத்தின் தலைவர். அமைச்சரவை ஆலோசனைப்படிதான் நடப்பார், சரி. ஆனாலும் நம்ம நீட் விலக்கு மசோதா கடைசியில் போய் நின்றது அவர் மேசையில்தான். அந்த நாற்காலியை நாலைந்து பெரிய மாநிலங்களே முடிவு செய்யலாம் என்ற நிலை வரக் கூடாது.

அதனால் என் கருத்து: தொகுதி மறுவரையறை எப்படி முடிந்தாலும், ஜனாதிபதி தேர்தலுக்கு மட்டுமாவது 1971 கணக்கை நிரந்தரமாக்கணும். அதுக்கு அரசியல் சாசனத் திருத்தம் வேணும். எத்தனை சீட் என்று மட்டும் பேசிட்டு இதை விட்டுடாதீங்க. உங்க எம்.பி.யைப் பார்த்தா இதையும் கேளுங்க.