நாலு ஆட்டத்தில் தீர்ப்பா?

செப்டம்பர் வந்துவிட்டால் போதும், அமெரிக்கத் தொலைக்காட்சியில் நீதிமன்றம் கூடிவிடுகிறது. கூண்டில் நிற்பவர் குவார்ட்டர்பேக். என்.எஃப்.எல். பருவம் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் 'இவன் தேறமாட்டான்', 'அவருக்கு வயதாகிவிட்டது', 'இவன்தான் அடுத்த மேதை' என்று கோட்டு போட்ட நாலு பேர் மேசையைத் தட்டித் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய், இந்த ஆட்டத்தில் ருசி கண்டு திரும்பிய நம்மவர்களும் அதையே அப்படியே ஒப்பிக்கிறார்கள். எனக்கு இது அடியோடு பிடிக்கவில்லை.

ஆட்டம் பழகாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. அமெரிக்கக் கால்பந்தில் தன் அணி தாக்கும்போது ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, எறியாமல் ஓடுவதா என்பதையெல்லாம் மூன்று விநாடிக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும். அவர் முன்னால் ஐந்து பேர் அரணாக நின்று எதிரிகளைத் தடுப்பார்கள். அரண் உடைந்தால் அவர் தரையில் கிடப்பார். அவர் சரியாக எறிந்த பந்து, பிடிப்பவன் கையில் பட்டுத் தெறித்து எதிரணியிடம் போனாலும் 'இன்டர்செப்ஷன்' என்று கணக்கு ஏறுவது இவர் பெயரில்தான். 2002-இல் ஹூஸ்டன் அணி எல்லோருக்கும் முதலாகத் தேர்ந்தெடுத்த டேவிட் கார், அந்த ஒரே பருவத்தில் 76 முறை சாய்க்கப்பட்டார். அதைவிட அதிகமாக ஒரே பருவத்தில் அடிபட்டவர் யாருமில்லை. அது அவர் குறையா, அரணின் குறையா?

இப்போது பழைய தீர்ப்புகளைப் புரட்டுவோம். 2014 செப்டம்பர் 29. நான்காவது ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து அணி கான்சஸ் சிட்டியிடம் 41-14 என்று உதை வாங்கியது. டாம் பிரேடிக்கு அப்போது வயது 37. 'கிழவர் முடிந்தார்' என்று மறுநாளே எழுதிவிட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் சின்சினாட்டியை 43-17 என்று வென்றார். அதே பருவத்தின் முடிவில், 2015 பிப்ரவரியில், சியாட்டிலை 28-24 என்று வீழ்த்தி சூப்பர் பௌல் கோப்பையும் ஆட்ட நாயகன் விருதும் வாங்கினார். முடிந்தார் என்று சொன்ன அன்று அவரிடம் மூன்று கோப்பைகள் இருந்தன. கடைசியில் அவர் ஓய்வு பெற்றபோது ஏழு. வயதாகிவிட்டது என்ற ஒரே சொல்லால் ஒருவரை ஒதுக்குவது எப்படி இருக்கும் என்று நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவசரப் புகழும் இதே லட்சணம்தான். 2018-இல் டாம்பா பே அணியின் ரையன் ஃபிட்ஸ்பேட்ரிக் முதல் மூன்று ஆட்டத்திலும் 400 கெஜத்துக்கு மேல் எறிந்தார். தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் அதற்கு முன் யாரும் செய்யாத காரியம். தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். நான்காவது ஆட்டத்தில் சிகாகோ 48-10 என்று நொறுக்கியது, அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அணி 5 வெற்றி, 11 தோல்வியோடு பருவத்தை முடித்தது.

என்னை அதிகம் உறுத்துவது கரோலைனா கதை. 2023-இல் பிரைஸ் யங் என்ற இளைஞனைப் பெறுவதற்காக நல்ல ஆட்டக்காரர் ஒருவரையும் வருங்காலத் தேர்வுரிமைகளையும் சிகாகோவுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். முதல் வருடத்தில் பையனை எதிரிகள் 62 முறை சாய்த்தார்கள். பருவம் முடியும் முன்பே தலைமைப் பயிற்சியாளரையும் நீக்கினார்கள். 2024-இல் புதுப் பயிற்சியாளர், புது ஆட்டத்திட்டம். இரண்டே ஆட்டம் தோற்றதும் யங்கை உட்கார வைத்துவிட்டார்கள். பதிலுக்கு வந்த மூத்தவர் ஆண்டி டால்டன் முதல் ஆட்டத்தை வென்றார். 'பார்த்தீர்களா!' என்றார்கள் நிபுணர்கள். அடுத்த நாலும் தோல்வி. பிறகு கார் விபத்தில் டால்டனின் கட்டைவிரல் அடிபட்டதால்தான் யங்குக்கு மறுபடி இடம் கிடைத்தது. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அட்லாண்டாவை 44-38 என்று கூடுதல் நேரத்தில் வென்றபோது, ஐந்து டச் டவுன்கள் அவன் கணக்கில் இருந்தன. 23 வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்க ஒரு விபத்து நடக்க வேண்டியிருந்தது! இதற்குப் பெயர் நிர்வாகமா?

'2018-இல் பேட்ரிக் மஹோம்ஸ் முதல் மூன்று ஆட்டத்திலேயே 13 டச் டவுன் எறிந்தாரே, அது பொய்யா?' என்று கேட்பார்கள். பொய்யில்லை. அவர் அந்தப் பருவத்தை 50-இல் முடித்தார். ஆனால் அதே மூன்று வாரத்தில் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் மேதையாகத்தானே தெரிந்தார்? இருவரில் யார் நிலைப்பார் என்பதை செப்டம்பர் சொல்லவில்லை, டிசம்பர்தான் சொன்னது.

'மொத்தமே 17 ஆட்டம், ஒவ்வொரு தோல்வியும் வலிக்குமே' என்பது இன்னொரு வாதம். வலிக்கும்தான். ஆனால் 2021 முதல் பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களை மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். அதிலும் முக்கிய ஆட்டக்காரர்களுக்கு அடிபடக்கூடாது என்று பல அணிகள் அவர்களை இறக்குவதே அபூர்வம். ஆக, அரணும் எறிபவரும் பிடிப்பவரும் ஒருவரையொருவர் நிஜமாகப் பழகிக்கொள்வதே செப்டம்பரில்தான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த வீட்டில் அரிசியைக் களைந்து போட்ட உடனே பதம் பார்க்கிறார்கள்? உலை கொதிக்கட்டும். தீபாவளி போகட்டும், கார்த்திகையும் வரட்டும். அப்புறம் சொல்லுங்கள், யார் தேறினார், யார் தேறவில்லை என்று. அதுவரை ஆட்டத்தை ரசியுங்கள், அந்தப் பிள்ளைகளை ஆட விடுங்கள்.