பழைய கதையாம்!

 

நம் சொந்தத்தில் ஒரு பிள்ளைக்கு அலபாமா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகளுக்கு நடுவே வந்த ஓர் அறிவுரையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "நிறவெறியெல்லாம் அங்கே பழைய கதை. கறுப்பர்களோடு மட்டும் ரொம்ப ஒட்டாதே." பழைய கதை என்றால் எதற்கு 'ஒட்டாதே'?

அந்தப் பல்கலைக்கழகத்தின் கதையையே சொல்கிறேன். ஆதரின் லூசி என்ற கறுப்பினப் பெண் 1952இல் விண்ணப்பித்தார். முதலில் இடம் கொடுத்தார்கள். கறுப்பர் என்று தெரிந்ததும் மறுத்தார்கள். நீதிமன்றம் ஏறி இறங்கி, 1956 பிப்ரவரியில்தான் வகுப்பில் உட்கார முடிந்தது. அப்போதும் விடுதியில் இடமில்லை, உணவுக்கூடத்திலும் இடமில்லை. மூன்றாம் நாள் வகுப்பின்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கும்பல் முட்டையும் கல்லும் வீசியது. காவல்துறை வண்டியில் அவரை வெளியேற்ற வேண்டியதாயிற்று. பிறகு நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? கல் வீசியவர்களை விட்டுவிட்டு, லூசியை இடைநீக்கம் செய்தது. காரணம், அவருடைய பாதுகாப்பாம்! அடுத்த சில வாரங்களில் நிரந்தரமாகவே நீக்கிவிட்டார்கள். இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அடித்தவனை வகுப்பில் வைத்துக்கொண்டு அடிபட்டவளை வீட்டுக்கு அனுப்புவதுதான் நிர்வாகத்துக்கு எப்போதும் சுலபம்.

அந்த நீக்கத்தை ரத்து செய்ய 1988 வரை ஆனது. லூசி திரும்பிப் போய், 1992இல் தொடக்கக் கல்வியில் முதுநிலைப் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு அவர் மகளும் அங்கேயே பட்டம் பெற்றார். அந்தத் தாயின் நெஞ்சுரம் எனக்கு இல்லை.

2022இல் கல்வியியல் துறைக் கட்டடத்துக்கு அவர் பெயரைச் சூட்ட முடிவு செய்தார்கள். அதற்கு ஏற்கெனவே பிப் கிரேவ்ஸ் என்ற முன்னாள் ஆளுநரின் பெயர். கு க்ளக்ஸ் க்ளான் அமைப்பில் தலைமைப் பொறுப்பு வகித்தவர். அவர் பெயரையும் எடுக்காமல் 'லூசி-கிரேவ்ஸ்' என்று இரண்டையும் சேர்த்தே வைக்க முதலில் தீர்மானம் போட்டார்கள்! (படித்தவர்கள் கூடி உட்கார்ந்து எடுத்த முடிவு இது.) எதிர்ப்பு கிளம்பிய பிறகே கிரேவ்ஸ் பெயர் போனது. பெயர்சூட்டு விழா முடிந்து ஒரு வாரத்துக்குள் லூசி காலமானார்.

இடையில் 2013இல் இன்னொன்று. அங்கே சொராரிட்டி என்று மாணவியர் சங்கங்கள் உண்டு. பெரிய பெரிய வீடுகள், விருந்துகள், பிற்காலத்தில் வேலைக்கும் அரசியலுக்கும் உதவும் தொடர்புகள். நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு கறுப்பின மாணவியைப் பாரம்பரியமான வெள்ளையர் சங்கங்கள் எதுவுமே சேர்க்கவில்லை. உள்ளிருந்த மாணவிகள் சிலர் சேர்க்க விரும்பியும், பழைய உறுப்பினர்கள் தடுத்தார்கள் என்று மாணவர் பத்திரிகையான கிரிம்சன் வைட் அம்பலப்படுத்தியது. மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். அந்தச் செய்தி வெளிவந்த பிறகுதான் நிர்வாகமும் அசைந்தது. பிள்ளைகள் திருந்தினாலும் பெரியவர்கள் விடமாட்டார்கள். இது நமக்குப் புதிதா என்ன?

சரி, இப்போது? 2024இல் அலபாமா மாநிலம் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவ அலுவலகங்களுக்குத் தடை விதித்தது. அந்த ஆகஸ்டிலேயே கறுப்பின மாணவர் சங்கத்துக்கென இருந்த அறை மூடப்பட்டது. பிரிவினை வேண்டாம், எல்லோரும் சமம் என்பது அதற்குச் சொல்லும் நியாயம். வெள்ளையர் நிறைந்த சங்க மாளிகைகள் அப்படியே இருக்கின்றன. ஓர் அறையில்தான் பிரிவினை வந்துவிட்டதா?

"நமக்கு ஏன் இந்த வம்பு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1946இல் போட்ட சட்டப்படி, அமெரிக்காவில் குடியேற இந்தியர்களுக்கு வருடத்துக்கு 100 இடம்தான். அந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த சட்டம் 1965 அக்டோபரில் வந்தது. அதே வருடம் மார்ச்சில்தான் இதே அலபாமாவின் செல்மாவில் கறுப்பர்கள் வாக்குரிமைக்காக நடந்து போலீஸிடம் தடியடி வாங்கினார்கள். அவர்கள் எழுப்பிய அலையில் திறந்த கதவு அது. 100 இடம் 100 ஆகவே இருந்திருந்தால் நம் குடும்பக் குழுவில் எத்தனை அமெரிக்க எண்கள் இருந்திருக்கும்? எண்ணிப் பார்த்துவிட்டு, அந்த அறிவுரையை அனுப்பியவரே பதில் போடட்டும்.