வெயில் பொது, மாடி யாருடையது?

எங்கள் கிளையில் ஓர் ஆபீசர் எலெக்ட்ரிக் கார் வாங்கினார். வீட்டு மாடியில் ஏற்கெனவே 3 கிலோவாட் சோலார் போட்டிருந்தார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "இனிமே நம்ம வண்டி சூரியன்ல ஓடுது, பெட்ரோல் நாத்தமே கிடையாது" என்றார். ஸ்வீட் கொடுத்தார். சாப்பிட்டேன்.

அதே வாரம் ஆம்பூர்ப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து ஓர் அக்கா வந்தார். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். தவணையில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டி எடுத்திருக்கிறார். "சோலாருக்கு கவுருமெண்ட்டுல பணம் தர்றாங்களாமே, எனக்கும் ஒரு லோன் போட்டுக் குடுங்க சார்" என்றார். காகிதங்களை வாங்கிப் பார்த்தேன். கரண்ட் இணைப்பு மாமனார் பேரில். அவர் செத்து ஒன்பது வருஷம். வீடு பாதி தளம், பாதி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். குழுக் கடனில் ரெண்டு தவணை தவறியதில் சிபில் மதிப்பெண் விழுந்து கிடக்கிறது. ஒவ்வொன்றாக நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வெயிலு எங்க தெருவுலயும்தான சார் அடிக்குது?"

நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். வேறென்ன செய்ய. இரவு தூக்கம் வரவில்லை. பதில் இருக்கிறது தோழர்களே. கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு 'பி.எம். சூர்யகர்' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய். ஒரு கிலோவாட் போட்டால் 30,000, இரண்டு போட்டால் 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழல் விழாத தளம் வேண்டும். சொந்த வீடு வேண்டும், இணைப்பு உன் பேரில் வேண்டும். பலகையைப் போட்டு, அதிகாரி வந்து பார்த்த பிறகுதான் மானியம் கணக்கில் ஏறும். ஆக, முதலில் கையில் காசு, அல்லது வங்கியில் நம்பிக்கை. இதில் எந்த இடத்திலும் சாதி என்ற சொல் கிடையாது. தேவையுமில்லை. மாடி, பட்டா, பேர், சிபில் என்று வரிசையாகக் கேட்டாலே சேரி தானாக வெளியே நின்றுவிடும்.

சரி, நம் ஆட்களுக்குக் கிடைத்தாலும் லாபமா? இங்கேதான் சூட்சுமம். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த நூறுக்குள் அடங்கிவிடுகிற காலனி வீட்டுக்கு சோலார் மிச்சப்படுத்திக் கொடுக்க ஒன்றுமே இல்லை. அந்த அக்காவின் ஸ்கூட்டி ஒரு யூனிட்டில் சுமார் 30 கிலோமீட்டர் ஓடும். கம்பெனிக்குப் போய்வர தினம் 25 கிலோமீட்டர் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 50 யூனிட்கூட ஆகாது. ஆபீசர் கார் தினம் 40 கிலோமீட்டர் ஓடினால் அதுமட்டுமே 350 யூனிட்டைத் தொடும். ஏசி, பிரிட்ஜ் எல்லாம் சேர்ந்தால் 500-ஐத் தாண்டும்; தாண்டினால் கட்டண அட்டவணையே மாறி விலை ஏறும். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் சோலார் கொட்டிக் கொடுக்கும். அதாவது எவ்வளவுக்கெவ்வளவு எரிக்கிறாயோ அவ்வளவுக்கவ்வளவு மிச்சம். குறைவாக எரித்தவளுக்குப் பூஜ்யம். காருக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம்தான் என்பது தனிக் கதை.

'சூரியனில் ஓடும் கார்' என்கிறார்களே, அதையும் பார்த்துவிடுவோம். வெயில் அடிக்கிற பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை அந்தக் கார் எங்கே நிற்கிறது? எங்கள் கிளை வாசல் வேப்பமரத்தடியில். சார்ஜ் ஏறுவது ராத்திரி. பகலில் மாடியில் விளைந்த கரண்ட் இருவழி மீட்டர் வழியாக வாரியக் கம்பிக்குப் போகிறது. ராத்திரி அதே கம்பியிலிருந்து திரும்ப வருகிறது. எங்கள் பாஷையில் சொன்னால் பகலில் டெபாசிட், ராத்திரி வித்டிராயல். போட்ட நோட்டே திரும்பி வராது. ராத்திரி வருகிற கரண்டில் பெரும்பகுதி நெய்வேலியிலும் மேட்டூரிலும் வடசென்னையிலும் நிலக்கரி எரித்து வந்தது. கணக்கில் சூரியன், வண்டியில் கரி. சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்து மீனவர் தலையில். இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஏற்பாட்டின் வங்கி எது? பொதுக் கம்பி. எல்லாருடைய காசிலும் நட்ட கம்பம். கம்பத்தில் ஆள் ஏறும்போது ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே லைனில் கரண்ட் போனால் மாடி சோலாரும் தானாக நிற்கும்படி செய்திருக்கிறார்கள். தனி மாடி, தனி சூரியன் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான்.

அந்தக் கம்பி யாருடையது என்று நமக்குச் சொல்ல ஒருவர் இருந்தார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர் பொறுப்பில்தான் மின்சாரமும் பாசனமும் இருந்தன. 1944-இல் மத்திய தொழில்நுட்ப மின்சார வாரியம் அமைந்தது அந்தக் காலத்தில்தான். மின்சாரம் மலிவாக, தாராளமாகக் கிடைக்க வேண்டும், அதைத் தனியாரிடம் விடுவதா அரசு வைத்துக்கொள்வதா என்ற கேள்வியை நேராக எழுப்பியவர் அவர். நாம் ஏப்ரல் 14-க்கு மாலை போடுவதோடு நிறுத்திக்கொண்டோம்.

இதே சூர்யகர் திட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. பலர் கவனிக்கவில்லை. அடுக்குமாடிச் சங்கங்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் பொது வசதிகளுக்கு சோலார் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், 500 கிலோவாட் வரை. வண்டிகளுக்குச் சார்ஜ் போடுவதும் அதில் எழுத்திலேயே சேர்ந்திருக்கிறது. மதில் கட்டி வாட்ச்மேன் வைத்தவர்கள் கூடினால் 'சங்கம்'. எண்பது வீடு உள்ள அம்பேத்கர் நகர் கூடினால்? 2011-இல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு சோலாரில் எரியும் ஐந்து சி.எப்.எல். விளக்கு கொடுத்தார்கள். பிள்ளைகள் படித்தன, மறுக்கவில்லை. ஆனால் ஊர்க்காரனுக்கு வண்டி ஓட்டும் கரண்ட், சேரிக்காரனுக்கு விளக்கு எரிக்கும் கரண்ட் என்ற அளவுகோல் யார் கையில் இருக்கிறது? டெல்லியில் 2019 முதல் ஓரிடத்துப் பலகையின் கரண்டைப் பல வீட்டு மீட்டர்களுக்குப் பிரித்து வரவு வைக்க வழி உண்டு. ஷீட் கூரைக்காரரும் வாடகைக்காரரும் உள்ளே வர அதுதான் வாசல்.

அதைவிடக் கிட்டத்தில் ஒன்று இருக்கிறது. அந்த அக்காவின் ஸ்கூட்டி பகலில் எங்கே நிற்கிறது? கம்பெனி ஷெட்டில், எட்டு மணி நேரம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிக் கூரைகள் ஏக்கர் கணக்கில் வெயிலில் காய்கின்றன. வெயிலும் வண்டியும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருப்பது ஆபீசர் வீட்டில் அல்ல, இங்கேதான். ஷெட்டில் நூறு பிளக் பாயிண்ட் வைக்க என்ன செலவு? போனஸ் பேச்சுவார்த்தையில் எந்தத் தொழிற்சங்கமாவது இதைக் கேட்டிருக்கிறதா? ராணிப்பேட்டையிலேயே 2021-இல் ஆம்பியர் ஸ்கூட்டர் ஆலை வந்தது. பனப்பாக்கத்தில் டாடா கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். வண்டி செய்ய நம் கை வேண்டும், சார்ஜ் போட மட்டும் இடமில்லையா?

'நாத்தமே கிடையாது' என்ற சொல்லைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. தோல் நாற்றம் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உலகம் பளபளவென்று ஷூ போட, குரோமியம் பாலாற்றில் இறங்கியது. அசுத்தப்படுத்தியவனே ஈடு கொடுக்க வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு நம் வேலூர் வழக்கில்தான். அதற்கப்புறமும் 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பலகையும் பேட்டரியும் ஒருநாள் கழிவாகும். 2022-இல் விதிகள் போட்டு, தயாரித்தவனே திரும்ப எடுக்க வேண்டும் என்றிருக்கிறார்கள். பிரித்து உடைக்கப்போகும் கைகள் யாருடையவை என்று அந்த விதியில் இல்லை.

அந்த அக்கா மறுபடி வந்தார். இணைப்பைத் தன் பேருக்கு மாற்ற வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்துகொண்டிருக்கிறார். அவர் தெருவில் மட்டும் பதினோரு வீடுகளில் இணைப்பு செத்தவர்கள் பேரில் இருக்கிறதாம். அடுத்த ஞாயிறு காலை அங்கே மன்றத்தில் உட்காருகிறோம். மாணவத் தோழர்கள் நாலு பேர் விண்ணப்பம் எழுத வந்தால் உதவியாக இருக்கும். வருகிறவர்கள் அவரவர் தெருவின் கரண்ட் பில்களையும் ஒரு கட்டு எடுத்து வாருங்கள்.