சாமி இறங்கிய பிறகு ரதம் எப்படி ஊர் திரும்புகிறது?



பதிவு கொஞ்சம் நீளம். சில இடங்களில் கோபமாகவும் இருக்கும். நம்ம பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அதனால் கடைசி வரைக்கும் படிங்க. குறிப்பாக ஆலய நிர்வாகத்தில் இருக்கிறவங்க படிக்கணும்.

நம் நாட்டில் சின்னக் கோயில்கள் பலவற்றுக்குச் சொந்த ரதம் கிடையாது. வாடகைக்கு எடுப்போம், இல்லையென்றால் பக்கத்து ஊர்க் கோயிலில் கேட்டு வாங்குவோம். ஒரு ஹைலக்ஸ் அல்லது லோரிக்குப் பின்னால் கொக்கி போட்டு, முப்பது நாற்பது கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு வருவோம். திருவிழா முடிந்ததும் அதே மாதிரி இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவோம்.

ஊர்வலத்தின்போது பாதுகாப்புக்குக் குறையே இல்லை. முன்னால் போலீஸ், சந்திப்பில் ரேலா, இரண்டு பக்கமும் கயிறு பிடித்துத் தொண்டர்கள். வண்டி போவது நடை வேகம்தான். ஜென்செட் ஓடுவதால் ரதம் ஒரு மைல் தூரத்துக்கு ஜொலிக்கும்.

சாமி இறங்கி, தீபாராதனை முடிந்து, பிரசாதம் கொடுத்த பிறகு என்ன நடக்குது? மணி இரவு 1-க்கு மேல் ஆகியிருக்கும். போலீஸ் போயாச்சு, கூட்டம் போயாச்சு. ஜென்செட்டை நிறுத்தியதும் ரதத்தின் அத்தனை விளக்கும் அணைஞ்சாச்சு. “நாளைக்கு வேலை இருக்கு, இப்பவே கொண்டு போய் விட்டுடலாம்” என்று யாராவது சொல்வார். ரதத்துக்குப் பின்னால் ஒரு சிவப்பு லைட் இருக்காது, நம்பர் பிளேட் இருக்காது. இழுக்கிற வண்டியின் பிரேக் லைட்டையும் ரதமே மறைத்துக்கொள்ளும். ஆடாமல் பிடித்துக்கொள்ள என்று இரண்டு பசங்க ரதத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பார்கள். இப்படித்தான் பழைய ரோட்டில் கண்டெய்னர் லோரிகளுக்கு நடுவே போகிறோம்.

இதைச் சுட்டிக்காட்டினால் உடனே வரும் பதில், “சாமி பார்த்துக்குவார்.”

சாமி பார்த்துக்குவார், சரி. பின்னால் வருகிற லோரிக்காரர் எதைப் பார்ப்பார்? இரவில் ஒரு காரின் கீழ்விளக்கு சுமாராக ஐம்பது மீட்டர்தான் காட்டும். 90 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஒரு விநாடிக்கு 25 மீட்டர் கடக்கிறார். ஏதோ நிற்கிறது என்று புரிந்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்தாலே 37 மீட்டர் போயிடும். அதன் பிறகு வண்டி நிற்க, காய்ந்த ரோட்டிலேயே இன்னும் நாற்பது ஐம்பது மீட்டர் வேண்டும். மழை பெய்திருந்தால் கணக்கே வேற. ரதம் பஞ்சராகி இருட்டில் ஓரமாக நிற்கிறது என்றால், அவர் எவ்வளவு நல்ல ஓட்டுநராக இருந்தாலும் தூரம் பத்தாது. சக்கரம் மாற்ற ரதத்துக்குப் பின்னால் குனிந்து நிற்கிறவன் நம்ம தொண்டர். கட்டியிருப்பது மஞ்சள் வேட்டி. மஞ்சள் துணி பகலில் பளிச்சென்று தெரியும். இரவில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற பட்டை இல்லாத துணி எந்த நிறமாக இருந்தாலும் பயன் கிடையாது.

அடுத்து வண்டியையே பாருங்க. ரதம் உயரமானது, கனம் முழுக்க மேலே. வருஷத்தில் சில நாள்தான் வெளியே வரும், மற்ற நாள் தகரக் கொட்டகையில் நிற்கும். டயர் தேய்ந்திருக்காது, ஆனால் ரப்பர் வெடித்திருக்கும். பல ரதங்களுக்குத் தனி பிரேக் கிடையாது. இழுக்கிற வண்டியேதான் தன்னையும் நிறுத்தி, பின்னால் முட்டிக்கொண்டு வரும் ஒரு டன்னையும் நிறுத்தணும். பொதுவாக இழுவை வண்டியின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் இறங்கியிருக்க வேண்டும் என்பார்கள். கனம் பின்பக்கம் சாய்ந்திருந்தால் வேகம் கூடும்போது பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தினால் இரண்டு வண்டியும் சேர்ந்து திரும்பும். ரதத்தின் மேல் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வருகிற பையனால் அந்த ஆட்டத்தை நிறுத்த முடியுமா? கீழே விழுகிற முதல் ஆள் அவன்தான்.

“அந்தக் காலத்துல தோட்டத்து டிராக்டர்ல கட்டி இழுத்தோமே, என்ன ஆச்சு?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான் ஐயா. அது தோட்டத்து செம்மண் ரோடு. லயத்தில் இருந்து கோயிலுக்கு அரை மைல், எதிரே வந்தது சைக்கிள். இன்றைக்குத் தோட்டம் போயிடுச்சு, கோயில் தாமான் பக்கம் வந்துடுச்சு, ரதம் கூட்டரசு சாலையில் ஓடுது. பழக்கத்தை மட்டும் மாற்றாமல் வைத்திருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்லுது? 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில், மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் வண்டியும் சேரும். “எஞ்சினே இல்லையே, இது ரதம்தானே” என்ற வாதம் அங்கேயே முடிந்தது. ரோட்டில் ஓடும் வாகனத்துக்குப் பதிவு வேண்டும், இரவில் பின்னால் சிவப்பு விளக்கு வேண்டும். மூன்றாம் தரப்புக்கான காப்புறுதி கட்டாயம் என்று அதே சட்டத்தின் பிரிவு 90 சொல்கிறது. உங்க ஹைலக்ஸுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. பின்னால் கட்டியிருக்கும் பதிவில்லாத ரதம் யாரையாவது இடித்தால் அந்த இன்சூரன்ஸ் கொடுக்குமா? எந்த நிர்வாகமாவது இதைக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டிருக்கிறதா?

“போலீஸ் பெர்மிட் இருக்கே” என்கிறார்கள். அது ஊர்வலத்துக்கு வாங்கினது. இந்தத் தெருவில், இந்த நேரத்தில் சுவாமி புறப்பாடு என்று எழுதியிருக்கும். ராத்திரி 2 மணிக்கு வெறும் ரதத்தை அடுத்த ஊருக்கு இழுத்துப் போக அதில் ஒரு வரியும் இருக்காது.

“இந்தியர் கோயில்னா மட்டும் கேள்வி கேக்குறாங்க” என்ற பேச்சும் வரும். படகு இழுத்துப் போகிறவருக்கும், ஜென்செட் இழுத்துப் போகிற பாசார் மாலாம் வியாபாரிக்கும் இதே சட்டம்தான். நல்ல காரியம் என்று அதிகாரி கண்டுக்காமல் விடலாம். இருட்டில் பின்னால் வரும் வண்டி விடாது.

தண்டனை யாருக்கு என்பதையும் யோசிங்க. 2020-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பிரிவு 41-இன்படி ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்தால் 5 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறை, அபராதம் 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை. குற்றக் கூண்டில் நிற்கப் போவது தலைவரும் இல்லை, உபயகாரரும் இல்லை. ஸ்டியரிங் பிடித்த 24 வயசுப் பையன். அவன் விடியற்காலை 4 மணிக்கு எழுந்தவன், விரதம், நாள் முழுக்க நின்று வேலை செய்தவன். “தம்பி, நீதான் நல்லா ஓட்டுவ” என்று தோளில் தட்டி சாவியைக் கொடுப்பது அவனுக்குச் செய்யும் மரியாதையா?

காசு இல்லை என்று மட்டும் சொல்லாதீங்க. பூ அலங்காரத்துக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவு செய்கிறோம். அதில் ஒரு சின்ன பங்கில் பின்லைட், பிரதிபலிப்பு ஸ்டிக்கர், சிவப்பு முக்கோணம், ஆறு ரிஃப்ளெக்டர் மேலங்கி எல்லாம் வாங்கிடலாம். உபயப் பட்டியலில் பால்குடம், மாலை, அன்னதானம் இருக்கு. ரதத்துக்கு டயர் உபயம், லைட் உபயம் என்று ஒரு வரி ஏன் இல்லை?

2025 மே 13-ஆம் தேதியை மறந்துடாதீங்க. தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி திருவிழாவுக்குக் காவல் இருந்த எஃப்.ஆர்.யூ. போலீஸ்காரர்கள், பணி முடிந்து திரும்பும் வழியில் அவர்கள் வண்டியும் கல் ஏற்றிய லோரியும் மோதி, ஒன்பது பேர் இறந்துபோனார்கள். அந்த விபத்தில் எந்த ரதத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் நம் திருவிழாவைக் காத்தவர்கள் வீடு போய்ச் சேரவில்லை. சாமி இறங்கியதோடு திருவிழா முடிந்துவிட்டது என்று நினைக்கிறோமே, கடைசி ஆள் வீடு சேரும் வரை அது முடியவில்லை.

என்ன செய்யலாம் என்று சொல்லாமல் திட்டிவிட்டுப் போக விரும்பவில்லை.

1. ரதத்தை இரவில் இழுக்காதீங்க. கோயிலிலேயே நிற்கட்டும். தூங்கி எழுந்து, பகலில் அனுப்புங்க. ஒரு நாள் வாடகை கூடினால் கூடட்டும்.

2. முடிந்தால் இழுக்கவே வேண்டாம். தட்டை லோரியில் ஏற்றி, பெல்ட் போட்டுக் கட்டி அனுப்புங்க. ஏற்றிய பிறகு கலசம் வரை உயரத்தை அளந்து, வழியில் உள்ள மின்கம்பிகளைப் பாருங்க. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள்.

3. இழுத்துத்தான் ஆகணும் என்றால், முதலில் ஜேபிஜே-யிடம் போய்ப் பதிவு பற்றிக் கேளுங்க. கொக்கியோடு சேர்த்துத் தனிச் சங்கிலி போடுங்க. முன்வண்டியோடு சேர்ந்து எரியும் பின்லைட், பிரேக் லைட், சிக்னல் வேண்டும். மெதுவாகப் போங்க, பின்னால் அபாய விளக்கோடு ஒரு கார் வரட்டும்.

4. ரதத்தின் மேல் ஒரு ஆளும் ஏறக் கூடாது.

5. வழியில் பழுதானால், எல்லோரும் மேலங்கி போட்ட பிறகே இறங்கணும். முக்கோணத்தைக் காலடியில் வைக்காமல், பின்னால் குறைந்தது ஐம்பது அறுபது எட்டு நடந்து போய் வைங்க. ஆட்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம், புல்லில் நிற்கட்டும்.

நிர்வாகத்தினர் என்மேல் கோபப்படலாம். பரவாயில்லை. பக்தர்களே, அடுத்த திருவிழாக் கூட்டத்தில் யாருக்கு முதல் மரியாதை என்ற விவாதம் தொடங்கும் முன்பு ஒருவராவது எழுந்து, “ரதம் எப்ப, எப்படித் திரும்பிப் போகுது? யார் ஓட்டுறா?” என்று கேளுங்க. பதில் தெளிவாக வரும் வரைக்கும் உட்காராதீங்க.

நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள். முருகா சரணம்.