எவர்சில்வருக்கும் துரு வரும், ஆசிட் அதற்கு மருந்தல்ல

எவர்சில்வர் என்ற பெயர்தான் நம்மைக் கெடுத்தது. என்றைக்கும் வெள்ளி போல மின்னும் என்று பெயரிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள். அதனால் பாத்ரூம் குழாய் மூட்டில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்ததும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அடுத்த வேலையாக ஆசிட் பாட்டிலைத் தேடுகிறோம். முதலாவது பல சமயம் தப்பு. இரண்டாவது எப்போதுமே தப்பு. முப்பது வருடத்துக்கு மேல் பராமரிப்புப் பிரிவில் பைப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் இரும்புதான். அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்திருக்கும். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படிந்து இரும்பைக் காக்கிறது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் தானே மறுபடி மூடிக்கொள்ளும். 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்க்காக உலோகம் தேடியபோது கண்டது இந்தக் குணத்தைத்தான்.

இந்தப் படலத்துக்குப் பரம எதிரி குளோரைடு. கடற்காற்றில் இருக்கிறது, உப்புத் தண்ணீர் போர்வெல்லில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட அதிகமாக, நாம் காசு கொடுத்து வாங்கிவரும் பாத்ரூம் ஆசிட்டில் இருக்கிறது. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். ஊற்றியதும் துரு மறைந்து பளபளக்கும். கூடவே படலமும் போய்விடும். ஒரு மாதத்தில் அதே இடத்தில் ஊசி குத்தியதுபோல் புள்ளி புள்ளியாகக் குழி விழும். பிறகு இன்னும் கொஞ்சம் ஆசிட். இப்படித்தான் பத்து வருடம் உழைக்க வேண்டிய ஃபிட்டிங் மூன்று வருடத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய பாத்ரூமில், நம் வயதில், இது விளையாட்டல்ல.

அடுத்த குற்றவாளி இரும்புக் கம்பி நார். தேய்க்கும்போது அதன் பொடி எவர்சில்வரில் பதிந்துவிடும். மறுநாள் துருப்பிடிப்பது அந்தப் பொடி, பழி எவர்சில்வருக்கு. மேஸ்திரி பக்கத்தில் இரும்புக் கம்பியை அறுத்தபோது பறந்த தூளும், ஜி.ஐ. பைப்பைத் திருகிய அதே ரிஞ்சால் எவர்சில்வர் யூனியனைத் திருகுவதும் இதே வேலையைச் செய்யும். எவர்சில்வர் எல்போவை ஜி.ஐ. நிப்பிளில் மாட்டினால் அரிபடுவது ஜி.ஐ.தான். அங்கிருந்து ஒழுகும் துருத் தண்ணீர் எவர்சில்வரின் மேல் கறையாகப் படியும். எனவே துரு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். தேய்ப்பது அதற்குப் பிறகு.

நம் வீட்டுப் பெண்கள் பித்தளைப் பாத்திரத்தைப் புளியும் உப்பும் போட்டுத் துலக்குவார்கள். பித்தளைக்கு அது சரியான வைத்தியம். எவர்சில்வருக்கு அந்த உப்பு ஆகாது, ஏனென்றால் சமையல் உப்பும் குளோரைடுதான். எலுமிச்சம்பழத்தோடு உப்புத் தொட்டுத் தேய்க்கச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள்.

சரி, என்ன செய்வது? முதலில் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுங்கள். லேசான கறை என்றால் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, மெல்லிய துணியால் துடைத்தாலே போகும். போகாவிட்டால் சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்பார்கள். பெயரில்தான் உப்பு, அதில் குளோரைடு கிடையாது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் கரைத்து, கழற்றிய ஃபிட்டிங்கை ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். கழற்ற முடியாததற்கு அந்தத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டுங்கள். மரைக்குள் இருக்கும் துருவைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுக்கலாம். பிறகு நல்ல தண்ணீரில் நன்றாக அலசி, ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். இது பதிந்த இரும்புப் பொடியைக் கரைக்கும், குரோமியப் படலம் மீண்டும் படிய வழிவிடும். பெரிய ஆலைகளிலும் இதே சிட்ரிக் ஆசிட்டை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். மார்பிள் தரையில் மட்டும் சிந்தவிடாதீர்கள், தரை அரித்துவிடும்.

வெல்டிங் செய்த இடம் கறுத்திருந்தால் பட்டறையில் ஒரு பேஸ்ட் பூசுவார்கள். அதில் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இருக்கும். தோல் வழியாக இறங்கி எலும்பையே பாதிக்கும் சமாச்சாரம். யார் கொண்டுவந்தாலும் வீட்டுக்குள் அனுமதிக்காதீர்கள்.

துடைத்த பிறகு நகத்தால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் பிழைத்தது. நகம் குழியில் மாட்டினால் அதற்கு வைத்தியம் இல்லை, மாற்றிவிடுங்கள். முக்கியமாக இரண்டு இடங்களில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒன்று, வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் பின்னல் போட்ட கனெக்‌ஷன் பைப். பின்னல் கம்பி துருப்பிடித்து அறுந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் குழாய் வெடித்துவிடும். மகன் வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் மேல் டேங்க் மொத்தமும் ஹாலில் நிற்கும். இரண்டாவது, பாத்ரூமில் நமக்காகப் பொருத்திய கைப்பிடி. அதன் கம்பி எவர்சில்வராக இருக்கும், உள்ளே முடுக்கிய ஸ்க்ரூ சாதாரண இரும்பாக இருக்கும். குழாயில் துரு என்றால் போவது தண்ணீர். கைப்பிடியில் துரு என்றால் போவது நம் இடுப்பெலும்பு.

வாங்கும்போது காந்தம் ஒட்டுகிறதா என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, நல்ல 304 ரகத்திலும் ஒட்டாது. 304-இல் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202-இல் விலை உயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். உப்புக் காற்றை அது அவ்வளவாகத் தாங்காது. கடலோர வீட்டுக்கு, மாலிப்டினம் சேர்ந்த 316 கிடைத்தால் அதுவே உத்தமம். எது வாங்கினாலும் ரகத்தின் எண்ணைப் பில்லில் எழுதிக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம் என்பதே என் கட்சி.

"ஐயா, அரை மணி நேர வேலையை அரை நாளாக்குகிறீர்களே" என்று பிளம்பர்கள் என்னிடம் சலித்துக்கொள்வதுண்டு. அவர்களுக்கு அடுத்த வீடு காத்திருக்கிறது. நமக்கு ஓய்வூதியக் கணக்கும், கொஞ்சம் நேரமும் இருக்கின்றன. கையுறை போட்டுக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, நாமே செய்துவிடலாம். பிளம்பர் வந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். பையிலிருந்து ஆசிட் பாட்டில் வெளியே வந்தால், வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.